வைரக்கண்ணு பேசி முடிக்கட்டும்

“அகிலாண்டம், காப்பியில் சர்க்கரை போடவில்லை.”

கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் இப்படிச் சொன்னதும், அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அகிலாண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரல் மடிக்கணினியின் குரல். சொன்னவர் அவள் கணவர் வைரக்கண்ணு.

பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர் அவர். ஏலம் கூறினால் எதிர்ச்சாரி டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். அவர் சத்தத்தில் ரேடியோ காதில் விழாதே! வாயில் எந்நேரமும் அடக்கி வைத்திருந்த புகையிலை, தொண்டையில் புற்றாக வந்து முடிந்தது. குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. மகள் பிரகதீஸ்வரிதான் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். தமிழில் தட்டிப் பொத்தானை அழுத்தினால் அது சத்தமாக வாசிக்கும். அந்தப் பக்கத்தில் தமிழுக்கு இருந்தது ஒரே குரல், அதுவும் பெண்குரல்.

“அத மூடுங்க! எவளோ ஒருத்தி வீட்டுக்குள்ள ஒக்காந்து அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு” என்று கத்தினாள் அகிலாண்டம்.

சிறிது நேரம் தட்டும் சத்தம். பிறகு அந்தக் குரல், “உன் அதிகாரத்தைவிடக் குறைவுதான்” என்றது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரகதீஸ்வரிக்கு இன்று நிச்சயதார்த்தம். முத்துப்பேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தக் குரல் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்பதே அவள் கவலை.

பந்தல் வேலையைப் பார்த்துவிட்டு வைரக்கண்ணுவின் தம்பி வீரையன் வந்தார். அண்ணன் காதருகே குனிந்து, “அண்ணே! சம்மந்திங்க கெளம்பிட்டாங்களாம்! புரியுதா?” என்று கூரை அதிரக் கூவினார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உறவுக்காரர்கள் எல்லோரும் வைரக்கண்ணுவிடம் இப்படித்தான் பேசினார்கள். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

“காது நன்றாகக் கேட்கிறது. கத்தாதே” என்றது மடிக்கணினி.

“பொம்பளக் கொரல்ல மெரட்டுறியே அண்ணே!” என்று சிரித்த வீரையன், அகிலாண்டத்தைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார்.

“அண்ணி, கல்யாணத்துக்கு அப்பறம் பொண்ணு வேலைக்குப் போவக் கூடாதுங்கறாங்க. சரின்னுட்டேன்.”

“ஒங்க அண்ணங்கிட்ட கேட்டீங்களா தம்பி?”

“எழுதிக் காட்டுச்சு, முடியாதுன்னு. அந்தச் சீட்டச் சட்டப் பையில வெச்சிருக்கேன், அப்பறமா படிச்சிக்கலாம். நல்ல எடம் அண்ணி. தட்டு மாத்தறப்ப நானே சம்மதம் சொல்லிடுறேன். அந்தப் பொட்டி மட்டும் வாயத் தொறக்கக் கூடாது. அது ஒங்க பொறுப்பு.”

தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மகள் பார்க்கும் வேலை எத்தனை ஆசைப்பட்டுச் சேர்ந்தது என்று அகிலாண்டத்துக்குத் தெரியும். வேலையை விடச் சொல்ல மாட்டேன் என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் தெரியும். ஆனாலும் நல்ல இடம் கைநழுவிவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. இணையம் இல்லாமல் அந்தப் பக்கம் வாசிக்காது; மடிக்கணினிக்கு அது கிடைத்தது அவள் போனிலிருந்துதான். சம்பந்தி வீட்டார் வேனைவிட்டு இறங்கும்போது, ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூடம் நிறைந்தது. பெண்ணைப் பெற்றவர் சபையில் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகே அங்கே தட்டு மாற்றுவது வழக்கம். வைரக்கண்ணு மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டார். வீரையன் முந்திக்கொண்டார்.

“அண்ணனால பேச முடியாது. அது சார்பா நான் சொல்றேன். பொண்ணக் குடுக்கச் சம்மதம். கல்யாணத்தோட வேலைய விட்டுடும்.”

“நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே சித்தப்பா!” என்றாள் பிரகதீஸ்வரி.

“சபையில நீ பேசாத!” என்று அதட்டினார் வீரையன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் படபடவென்று தட்டிப் பொத்தானை அழுத்தினார். திரையில் வளையம் மட்டும் சுற்றியது. மறுபடி அழுத்தினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வைரக்கண்ணு எழுந்து வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்தில் மூச்சுக்காகப் போட்ட துளையை மூடிய துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் சீறி வந்தது. மாப்பிள்ளையின் தாயார் குந்தவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணனுக்கு முடியல போலருக்கு. உள்ள கூட்டிட்டுப் போங்க அண்ணி” என்றார் வீரையன்.

வைரக்கண்ணு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. இவள் ஏதாவது செய்வாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அகிலாண்டத்துக்கு உடம்பு கூசியது. நோய் எடுத்துக்கொண்டு போனது போக மிச்சமிருந்ததை நான் பிடுங்கிக்கொண்டேனே! போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள்.

வளையம் நின்றது.

“பெண்ணைப் பெற்றவன் நான். என் மகள் வேலையை விடமாட்டாள். என் தம்பி சொன்னது என் வார்த்தை இல்லை. இதற்குச் சம்மதம் என்றால் தட்டு மாற்றலாம்.”

குந்தவைக்கு முகம் சிவந்தது.

“இதென்னங்க கூத்து? மிசினு பேசுறத நம்பிப் பொண்ணு எடுக்கச் சொல்றீங்களா? நாங்க யாருகிட்டதான் பேசுறது?”

வீரையன் பாய்ந்து மடிக்கணினியின் மூடியைப் பிடித்தார். அகிலாண்டம் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“கைய எடுங்க தம்பி. நெட்ட நிறுத்தினது நான்தான். ஒங்க பேச்சக் கேட்டுத்தான் நிறுத்தினேன். டாக்டரு எடுத்தது அவரு கொரல மட்டுந்தான். அவரு பேச்ச எடுத்தது நாம. கொரல் போனா மனுசனோட முடிவும் போயிடுச்சுன்னு நெனச்சோம் பாருங்க, அதுதான் பாவம். எழுதிக் காட்டினா பையில போட்டுக்கிட்டீங்க. பொட்டியில பேசினா நான் அடச்சேன். மிசினு வாசிக்குதுங்க, அவ்வளவுதான். பேசுறது எம் புருசன்.”

“அப்ப இந்தச் சம்மந்தம் வேணாங்கிறீங்களா?” என்றார் குந்தவை.

வைரக்கண்ணு மறுபடியும் தட்டத் தொடங்கினார். வீரையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அகிலாண்டம் கையை உயர்த்தினாள்.

“யாரும் குறுக்க பேசாதீங்க. ஒங்க கேள்விக்குத்தான் தட்டிக்கிட்டிருக்காரு சம்மந்தி. பேச வாயிருக்கிற நமக்கு, அது இல்லாதவங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருக்கவும் தெரியணும்.”