அழைத்த முறை

மானிடவியல் ஆய்வுக்காகப் பம்பாயின் செம்பூரிலிருந்து தாராவிக்கு முதன்முறையாக வந்த நெல்லையப்பனிடம், அவன் ஆராய வந்த வீட்டுக்காரி சொர்ணம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, நீரும் திருநெல்வேலிப் பக்கம், நம்ம ஆளுகதான். என்னைய எப்படிக் கூப்பிடப் போறீரு? அத்தைன்னா, பெரியம்மைன்னா?"

அது 1962ஆம் ஆண்டு. ஆராயும் வீட்டாரோடு ஒட்டிப் பழக வேண்டும் என்று பேராசிரியர் வலியுறுத்தியிருந்தார். தாய்க்கு அணித்தான சொல்லே மரியாதைக்குரியது எனக் கருதி, "பெரியம்மா" என்றான்.

அடுப்படியிலிருந்து அவள் மகள் இசக்கி சிரித்தாள். "அப்போ எனக்கு அண்ணன்! நல்ல அண்ணன், சாயாவ ஊதி ஊதில்லா குடிக்காரு!"

ஈராண்டுகள் அவ்வீட்டிற்கு வந்துபோய், அவ்வட்டாரத் தமிழரின் மணமுறைகளை அவன் ஆராய்ந்தான். அத்தை மகளை மணக்கலாம். பெரியம்மை மகளோ தங்கை. குருதி உறவு இல்லாவிடினும், அழைத்த முறையே உறவை நிலைநிறுத்தும் என்று நிறுவினான். முதல் வகுப்புக் கிட்டியது. கல்கத்தாவில் ஆய்வாளர் பதவியும் கிட்டியது. அவ்விதி தன்னையும் கட்டும் என்பது, இசக்கியை மணக்க விரும்புவதாக அவன் வாய் திறந்த அன்றுதான் விளங்கிற்று.

"என்னய்யா பேசுத?" சொர்ணம்மாள் பதறினாள். "அவ உனக்குத் தங்கச்சில்லா? இந்தக் குடியிருப்பே உன்னைய அண்ணன்காரன்னுதானே சொல்லுது. நீ அத்தைன்னு சொல்லுவியோன்னுதான் அன்னைக்கு ரெண்டையும் கேட்டேன்."

"அது சும்மா வாயில வந்த சொல்லு, பெரியம்மா..."

மீண்டும் அதே சொல். அவன் நாவைக் கடித்துக்கொண்டான்.

"அம்புட்டுப் பெரிய படிப்புல இத மட்டும் சொல்லித் தரலியோ?" என்றாள் இசக்கி. கேலியாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. அவள் கதவுக்குப் பின்னே சென்றுவிட்டாள்.

அடுத்த தையில், கோவண்டிப் பட்டறையில் வேலை பார்த்த செல்லப்பாண்டிக்கும் இசக்கிக்கும் திருமணம். உடன்பிறந்த ஆண் அவளுக்கு இல்லை. சொர்ணம்மாள் சொல்லியனுப்பவே, மறுக்க வழியின்றிக் கல்கத்தாவிலிருந்து நெல்லையப்பன் வந்தான்.

"பொண்ணுக்கு அண்ணன் எங்கவே? மாப்பிள்ளையக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்லா!"

கூட்டம் அவனை முன்னே தள்ளியது. அவன் செல்லப்பாண்டியின் கையைப் பற்றினான்.

"என்ன மச்சான், கை இப்படி நடுங்குது?" செல்லப்பாண்டி வாய்விட்டுச் சிரித்தான். "கல்யாணம் உமக்கா, எனக்கா?"

நெல்லையப்பன் பற்றிய கையை விடாமல், இசக்கி தலை கவிழ்ந்து அமர்ந்திருந்த மணையை நோக்கி அவனை அழைத்துச் சென்றான்.