ஒரு கதிரை, இரண்டு இராஜினாமா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. உடுவிலில் என் பக்கத்து வீட்டு நிரோஜா மதிலுக்கு மேலால் சொன்னது. "என்னை நல்லவளா எழுதிப் போடாதேங்கோ, அம்மா நம்பமாட்டா" என்பது அவளுடைய ஒரே நிபந்தனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செயற்கை நுண்ணறிவு மனித குலத்தின் மீது நீண்டதொரு நிழலை...'

(வேண்டாம். நிரோஜா சிரிப்பாள்.)

2

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். நிரோஜாவுக்கு அடுத்த மேசையில் லெனாட். இருவருக்கும் தை மாதம் கலியாணம். கோயிலிலா தேவாலயத்திலா என்பது மட்டும் இன்னும் இழுபறி.

மற்றவர்களெல்லாம் ஏற்கெனவே வேலையிழந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எஞ்சிய இருவரையும் முதலாளி சிவகரன் ஒருநாள் காலை கூப்பிட்டார்.

"ஏஐ நிரல் எழுதுது. பிழை பாக்க ஒராள் காணும், ரெண்டாவது கதிரை தேவையில்லை. ஆரெண்டு நீங்களே கதைச்சுச் சொல்லுங்கோ."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு மீசைகூட வைத்தேன். ஆனால் மெல்பேர்ண் வாடிக்கையாளர் அரைவிலைக்குக் கேட்டதில் மனிதர் நித்திரையில்லாமல் இருந்தார். மீசையை எடுத்துவிட்டேன்.)

3

இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. லெனாட் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கிரிக்கெட் கதைத்தான். நிரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் அவள் தனியாகப் போய், "லெனாட்டை வைச்சிருங்கோ அண்ணை, நான் விலகிறன்" என்றாள்.

'காதலுக்காக அவள் செய்த தியாகம்...' என்று எழுதி நிறுத்தினேன். ஏனென்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் வேறு: "அவனுக்கு வேலை போனா, கலியாணத்தை நிப்பாட்ட அம்மாவுக்கு ஒரு சாட்டுக் கிடைச்சிடும்."

சிவகரன் தலையை ஆட்டினார். முதல்நாள் மாலை லெனாட்டும் வந்து, நிரோஜாவை வைத்திருக்கச் சொல்லித் தன் வேலையை விட்டிருந்தான். அதை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. பிழை பார்க்கவும் அந்த ஏஐ கருவியே போதுமென்று அவருக்கு அப்போது தோன்றிவிட்டது.

4

மாதக் கடைசியில் நிரோஜா மேசையை ஒதுக்கினாள். பக்கத்தில் லெனாட்டும் ஒதுக்கினான்.

"நீ ஏன் அடுக்கிறாய்?"

"நீ ஏன்?"

விளங்கியதும் அவளுக்கு வந்தது கண்ணீரல்ல, கோபம். "கதைச்சிருக்கலாமே, விசரா."

"நீயும்தானே கதைக்கேல்லை."

படிக்கட்டில் இறங்கும்போது யார் முதலில் சிரித்தது என்பதில் அவர்களுக்கிடையே இன்றுவரை தகராறு.

5

சில வாரங்களில், மெல்பேர்ண் பல் வைத்தியசாலை ஒன்றுக்குச் சிவகரன் அனுப்பிய நேரப்பதிவு நிரல், வந்த நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்தது. கன்னம் வீங்கிய கூட்டமொன்று வாசலில் நின்று சண்டை பிடித்தது. எழுதியது கருவி. சரிபார்த்து 'யாவும் நலம்' என்றதும் அதே கருவி.

சிவகரன் நிரோஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் பக்கத்தில் லெனாட்.

"தங்கச்சி, உங்களில ஒராள் வாங்கோ."

"ஒராள் காணாது அண்ணை. ஒராள் எழுதினதை மற்றாள் பாக்கவேணும். ரெண்டு பேரும் வாறம். இல்லாட்டி மெல்பேர்ணோட நாங்களே கதைக்கிறம்."

மறுமுனையில் சிவகரன் கதிரையை இழுத்துப்போட்டு அமரும் சத்தம் கேட்டது.

அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். இருவரையும் சேர்த்துக்கொண்டார் என்று எழுதினால் சிவகரன் நல்லவராகிவிடுவார். மறுத்தார் என்று எழுதினால் மீசையைத் திரும்ப ஒட்டவேண்டிவரும். இப்போது சிவகரனின் தொலைபேசி உங்கள் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏதாவது சொல்லுங்கள்.