அத்தான் காரின் உறுமல்

காலையிலேயே மெக்கானிக்கின் தலையில் இடி. போன வாரம் அவன் சர்வீஸ் செய்து அனுப்பிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் திரும்பி வந்து நிற்கிறது. சொந்தக்காரர் வேறு யாருமில்லை, அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான்.

"வண்டில உயிரே இல்ல," என்று சூப்பர்வைசரிடம் முறையிட்டார் அத்தான். "மச்சினனாச்சேன்னு நம்பிக் குடுத்தேன். பிக்கப் சுத்தமாப் போச்சு."

அத்தான் ஸ்பீடோமீட்டரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். எல்லாம் காதுதான். போகிற வீட்டிலெல்லாம் தன் இன்ஜின் உறுமுவதை வாயாலேயே போட்டுக் காட்டி, காபி கொடுத்தவர்களை ஒரு வழி பண்ணிவிடுவார்.

சூப்பர்வைசர் மெக்கானிக்கை ஓரங்கட்டினார். "தப்பு உன் மேலன்னா, நாளைலேருந்து வாட்டர் வாஷுக்குப் போயிடு."

மூன்று வருஷம் அங்கே நனைந்து நாறிவிட்டு மேலே வந்தவன். மறுபடியுமா? அத்தானையும் கூட வந்திருந்த அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனான். வண்டி சும்மா பறந்தது. டாஷ்போர்டுத் திரையில் செட்டிங்ஸைத் தட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம்தான். ஆனால் கெடுத்ததும் அவன்தான் என்றாகிவிடும். வேறு வழியில்லை. திரும்பி வந்து இறங்கியதும், சூப்பர்வைசரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"அத்தான், பிக்கப் அப்படியேதான் இருக்கு. அந்த உறுமல் இன்ஜின்லேருந்து வரல, ஸ்பீக்கர்லேருந்து வர்றது. கம்பெனிக்காரங்க வச்ச சத்தம். சர்வீஸ்ல பேட்டரியக் கழட்டினப்ப அது ஆஃப் ஆயிடுச்சு."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜாப் கார்டில் 'குறை இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். மெக்கானிக்குக்குப் போன உயிர் வந்தது. அத்தானின் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"உங்கக்காவுக்குத் தெரிய வேணாம்டா," என்று கிசுகிசுத்தார்.

"வண்டி வாங்கின அன்னைக்கே தெரியும்," என்றாள் பின் சீட்டிலிருந்து அக்கா. "நான்தான் சத்தத்த முழுசா ஏத்தி வச்சேன். நாப்பதுல போனாலே பறக்கறோம்னு நெனச்சு பிரேக்க அமுக்குவீங்க. இந்த ஒரு வாரமா நூத்திருபதுல போய்க்கிட்டே 'இழுக்கலடி, இழுக்கலடி'ங்கறீங்க. எனக்கு ஈரக்கொல நடுங்குது."

அத்தான் மெல்ல நிமிர்ந்தார்.

"நூத்திருபதா? நானா?"

அந்த முகத்தில் மலர்ந்த பெருமையைப் பார்த்ததும் அக்காவுக்கு வேர்த்துவிட்டது.

"டேய் தம்பி, முதல்ல அந்தச் சத்தத்த ஏத்து."