வைரக்கட்டம் போட்ட சீட்

கங்காதரன் சிரித்த சிரிப்பை அம்சவேணி எட்டு மாதமாக மறக்கவில்லை.

1984. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் கம்பெனி. சாம்பிள் ரூமில் அவள் தையல்காரி. சரக்கு வாங்க வரும் அமெரிக்க பையர் மில்லர் விட்டுப்போன கார் பத்திரிகைகளைப் பார்த்து, ஷூ அச்சுக் கட்டையைச் செதுக்கி, தகரம் வளைத்து, தோல் துண்டில் சீட் தைத்து ஒரு குட்டிக் கார் செய்தாள். பழைய காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினைத் திறந்துவிட்டு ஓட்டுவார்களே, ஹாட் ராட், அது.

சூப்பர்வைசர் கங்காதரன், "நான் செஞ்சது" என்று அதை மில்லரிடம் நீட்டினான். சாம்பிள் ரூம் இன்சார்ஜ் ஆனான். நியாயம் கேட்டவளை நூல் வெட்டும் மேசைக்குத் தள்ளினான், சிரித்துக்கொண்டே. கொடுத்த கத்தரியும் மொண்ணை.

இப்போது மில்லரிடமிருந்து ஒரு போட்டோ வந்திருந்தது. 1951-இல் அவர் ஓட்டிய முதல் கார். அதையும் குட்டியாக, தன் ஊர் பாணியிலேயே செய்து தர வேண்டுமாம்.

"இன்னா அம்சா, ரெண்டு வாரம் டைம். வேலை வேணும்னா செஞ்சி குடு" என்றான் கங்காதரன்.

"செய்றேன் சார். போட்டோல உள்சீட் தெரியல. வைரக்கட்டம் போட்டுத் தைக்கட்டா? ஜோரா இருக்கும்."

"போடு, ஜாஸ்தியாவே போடு!"

அவன் அந்தப் பத்திரிகைகளை ஒருநாளும் புரட்டியதில்லை. அவள் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். படத்துக்குப் படம் ஊரும் வருஷமும் போட்டிருந்தது. மில்லர் ஊரில் ஐம்பத்தொன்றில் எல்லா சீட்டும் நேர் மடிப்பு, விரல் விரலாக. வைரக்கட்டம் வந்தது பத்து வருஷம் கழித்து.

மில்லர் வந்தார். காரைக் கண்டு கண் கலங்கினார். உள்ளே குனிந்து பார்த்தவர் முகம் மாறியது.

"இந்த சீட் யார் யோசனை?"

"என்னுடையதுதான் சார். ஐம்பத்தொன்றில் உங்கள் ஊரில் எல்லாருமே இப்படித்தானே போட்டார்கள்? நன்றாக விசாரித்துத்தான் தைத்தேன்" என்றான் கங்காதரன் இங்கிலீஷில்.

"ஒருவன்கூடப் போடவில்லை" என்றார் மில்லர்.

முதலாளி இஷ்தியாக் அகமதுவுக்கு முகம் கறுத்தது. "கங்காதரன், மெஷின் இதோ இருக்குது. இங்கியே மாத்தித் தைச்சிக் குடு."

கங்காதரன் உட்கார்ந்தான். நூலை எந்த வழியாக ஊசிக்குக் கொண்டுவருவது என்றே தெரியவில்லை. மூன்று முறை அறுந்தது. தையல்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்சவேணி எழுந்து வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா. மூடியைத் திறந்து, விரல் நீள சீட் ஒன்றை எடுத்தாள். சிவப்பும் வெள்ளையுமாக நேர் மடிப்பு. வைரக்கட்டத்தை நெம்பி எடுத்துவிட்டு இதை அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

மில்லர் காரைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"போன காரும் நீதானாம்மா?" என்றார் முதலாளி.

"சாரையே கேளுங்க பாய்."

கங்காதரன் அறுந்த நூலையே விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். முதலாளி அவன் கழுத்திலிருந்த அளவு டேப்பைத் தானே உருவி அவளிடம் கொடுத்தார். "இன்சார்ஜ் நீ. இவனை எங்க போடறதுன்னு நீயே சொல்லு."

"நூல் வெட்ற மேசை காலியாத்தான் இருக்குது பாய்."

கங்காதரன் நடந்து போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் அந்த வைரக்கட்ட சீட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"இது உங்க யோசனை சார், நீங்களே வெச்சிக்கோங்க. அப்புறம், அந்தக் கத்தரி மொண்ணை. மாத்தித் தரச் சொல்லி எட்டு மாசமா கேட்டேன். நீங்கதான் தரல."

இப்போது அவள் சிரித்தாள்.