மேஸ்திரி போட்ட படி

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'ஊர் மக்களின் ஒற்றுமையால் எழுந்தது.' கல்லில் வெட்டிவிட்டால் பொய் உண்மையாகிவிடுமா?

அக்கா நர்ஸ். டவுனுக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளைத்தாச்சி வண்டியிலேயே செத்துப்போனாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் ஊர் செங்கல் தூக்கியது. கட்டியது அக்காவின் புருஷன், மேஸ்திரி மாமா. வீடு தவிர எதையும் கட்டியறியாதவர். ஆஸ்பத்திரியையும் வீடாகவே கட்டினார். ஒவ்வொரு அறை வாசலிலும் கணுக்கால் உயரத்துக்குக் கருங்கல் படி.

பார்வையிட வந்த டாக்டர், நோயாளியைப் படுக்கவைத்துத் தள்ளும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். முதல் அறையிலேயே இடித்து நின்றது.

"படி இருந்தாத்தான் தண்ணி உள்ள வராது, பாம்பு வராது," என்றார் மாமா பெருமையாக.

"நோயாளியும் வர முடியாது. திங்கக்கிழமை வர்றேன். பிரசவ அறை வரைக்கும் வண்டி ஓடணும். இல்லைன்னா பக்கத்து ஊருக்குப் போயிடுவேன்."

ஊர் கூடிப் பேசியது. ஆளுக்கொரு வாய். படி அழகாக இருக்கிறது என்றது பாதி. டாக்டருக்குத் திமிர் என்றது மீதி. கடப்பாரை எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

"நாலு பேர் தூக்கினா தாண்டிடும், இதுக்குப் போய்..." என்றார் மாமா.

"நடு ராத்திரில வலி வந்தா நாலு பேருக்கு நான் எங்க போவேன்? நீங்க எழுந்து வருவீங்களா? பக்கத்துல இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஆளு!" என்றாள் அக்கா.

"கல்லைப் பேத்தா தரை பிளந்துடும்டி. என் வேலையில நானே கை வைக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே கடப்பாரையோடு போனாள். நானும் போனேன். அவள் ஓங்கிப் போட்ட முதல் அடியில் கல்லின் மூலை சிதறியது. இரண்டாவது அடி தரையில் விழுந்தது. உள்ளங்கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை.

வாசலில் நின்று பார்த்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை. படி போவதுகூடப் பரவாயில்லை, அதை இப்படிக் கோணலாக உடைக்கிறாளே!

"ஐயோ, அப்படியா நெம்புவாங்க? ஓரத்துல குடுடி! தள்ளு, இங்க குடு!"

சாயங்காலத்துக்குள் எல்லாப் படியும் வெளியே கிடந்தது. அவ்வளவு நேரமும் அக்காவைத் திட்டிக்கொண்டே பெயர்த்தார், பெயர்த்த இடத்தைச் சிமெண்ட் பூசித் தேய்த்தார்.

திங்கட்கிழமை வண்டி ஓடியது. "தரை நல்லா வழவழன்னு இருக்கே, யார் வேலை?" என்றார் டாக்டர்.

"நான்தாங்க," என்றார் மாமா. அக்கா கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் அங்கேயே தங்கிவிட்டார். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

கல்வெட்டுக்குக் கல் தேடினார்கள். பெயர்த்த படியில் ஒன்றையே மாமா கொடுத்தார். அதில் மேஸ்திரி பெயர் இருக்கிறது. அக்கா பெயர் இல்லை. கீழ் மூலை மட்டும் சிதறியிருக்கும்.

"இதைப் பூசிடட்டுமா? அசிங்கமா இருக்கு," என்று மாமா இன்றும் கேட்பார்.

"கை வச்சுப் பாருங்க, தெரியும்," என்பாள் அக்கா.