கண்டக்டரின் மணி

வீட்டின் முன்பக்கக் கேட்டை, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டின் மேல்கம்பியையும் தூணையும் சேர்த்துச் சுற்றி, பேருந்தின் கூரையில் மூட்டை கட்டுகிறவர்கள் போடும் முடிச்சைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள் கூடத்தில் அவருடைய அக்கா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க ஆட்கள் வருகிற நேரம். அந்த நேரம் பார்த்து வாசலை அடைத்துவிட்டு நிற்கும் தம்பியைத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அவருடைய மகள் இடைவெளிவிட்டு நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, ஆளுங்க வர்ற நேரத்துல கேட்டைக் கட்டினா என்னப்பா நெனைப்பாங்க?"

"நெனைக்கிறதை நெனைச்சுக்கட்டும். எல்லாரையும் பக்கத்துச் சந்து வழியா வரச் சொல்லு. இங்க மேல ஆள் இருக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு மேலே இரும்பு வளைவு. அதை மறைத்துக்கொண்டு காகிதப்பூக்கொடி அடர்ந்து கிடந்தது. முள்ளும் இலையுமாக இருந்த அந்தப் புதருக்குள், உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் போல ஒரு கூடு. கூட்டின் விளிம்பில் கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்று, குளிக்க மனமில்லாத பிள்ளை படித்துறையில் நிற்பதுபோல, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நின்றது. இன்னொன்று உள்ளிருந்து தலையை மட்டும் நீட்டியது.

மகள் சந்தின் முனையில் போய் நின்று, வருகிறவர்களுக்கு வழி காட்ட ஆரம்பித்தாள்.

காரணம் முந்தைய நாள் சாயங்காலத்தில் இருந்தது. அக்கா வழக்கம்போலத் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பல் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வாய்க்குள் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற, காசளவு வட்டக் கண்ணாடி ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்து, ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி வைத்திருந்தாள். கொடியைத் தொடாமல், குஞ்சுகளை மிரட்டாமல், கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் பார்ப்பாள். அவளுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. "காலம் பூரா 'வாயைத் திறங்க, வாயைத் திறங்க'ன்னு கெஞ்சிக் கெஞ்சியே தொண்டை போச்சு. இதுங்க சொல்லாமலே திறக்குதுங்க. பார்க்கப்போனா ஒரு பல்லும் கிடையாது" என்பாள். அந்த நகைச்சுவையை அவள் தினமும் சொன்னாள். டிரைவரும் தினமும் சிரித்தார்.

நேற்றுச் சாயங்காலம் கழியை மடியில் கிடத்திக்கொண்டு அவள் சொன்னாள்:

"டேய், நாளைக்கு ரெண்டும் பறந்துடும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் உன் கண்டக்டரை உள்ளயே வை."

டிரைவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "சரிக்கா" என்றார். பிறகு தேநீர் போட உள்ளே போனார். இரண்டு கோப்பைகளுடன் திரும்பி வந்தபோது அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். எழுப்ப வேண்டாமென்று தன் கோப்பையைக் குடித்து முடித்து, செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தையும் படித்த பிறகே, அவளுடைய கோப்பையில் ஆடை படிந்திருப்பதைப் பார்த்தார். நோய் நொடி என்று படுக்காமல், யாருக்கும் பாரமாக இல்லாமல், தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அவளுக்கு அப்படித்தான் வேண்டியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். டிரைவருக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்துச் 'சரி' என்று சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் இரவெல்லாம் அவரை விட்டுப் போகவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது.

கண்டக்டர் என்பது பூனை. மஞ்சள் நிறம், அகலமான முகம், எவர் வீட்டுச் சுவரிலும் உரிமையோடு நடக்கும் நடை. மனைவி இறந்த பிறகு, கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்த அக்காவின் வீட்டுக்கு டிரைவர் குடிவந்தபோது, ஒரு இரும்புப் பெட்டியுடன் இந்தப் பூனையும் வந்து சேர்ந்தது. "பொண்டாட்டி வீட்டு சீதனம் ஒண்ணும் மிஞ்சலை, இதாவது மிஞ்சுச்சே" என்று அக்கா அதை உள்ளே விட்டாள். அத்துடன் சரி, அதைத் தடவிக்கொடுத்தோ மடியில் வைத்தோ யாரும் பார்த்ததில்லை.

கதைகளில் என்றால் பூனையும் குருவியும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் பேசியிருக்கும். இந்த வீட்டில் பேச வேண்டியவர்கள் மனிதர்கள் என்பதால், பேச்சு வேறு விதமாகப் போயிற்று. இந்தப் பருவத்தின் முதல் கூட்டைக் குருவிகள் பின்பக்கத்து எலுமிச்சையில் கட்டியிருந்தன. ஒரு காலையில் செம்போத்து ஒன்று வந்து முட்டைகளைத் தின்றுவிட்டுப் போனது. அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். "அதுக்கும் வயிறு இருக்கே" என்று சொல்லிவிட்டு, அன்றே ஒரு சின்ன வெண்கல மணியை வாங்கிவந்து பூனையின் கழுத்தில் கட்டினாள்.

"முட்டையத் தின்னது செம்போத்து. மணி கட்டுறது என் பூனைக்கா?" என்று டிரைவர் நியாயம் கேட்டார்.

"செம்போத்து வந்து கழுத்தை நீட்டினா அதுக்கும் கட்டுவேன்டா. கையில கிடைச்சவனுக்குத்தானே கட்ட முடியும்."

குருவிகள் முன்பக்கக் காகிதப்பூக்கொடியில் மறுபடி கூடு கட்டத் தொடங்கின. மணி கட்டியதால் அவதிப்பட்டவர் டிரைவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுத்தால், பூனை அவர் வயிற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவர் மூச்சு விட்டால் பூனை ஏறி இறங்கும். பூனை ஏறி இறங்கினால் மணி அடிக்கும். மணி அடித்தால், அத்தனை வருடம் பேருந்து ஓட்டியவரின் கால், தூக்கத்திலேயே கிளட்சைத் தேடும். இருவருக்குமே தூக்கம் கெட்டது. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா மருத்துவமனையிலிருந்து வரும்போது கொண்டுவந்த டப்பாவில், பல்லிடுக்கில் வைக்கிற பஞ்சுச் சுருள்கள் நிறைய இருந்தன. மதியத் தூக்கத்துக்கு மட்டும் அதில் ஒன்றை எடுத்து மணிக்குள் திணித்துவிடுவார். எழுந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பல நாள் அவர் மறந்துபோவார். பிறகு பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால் மணிக்குள் பஞ்சு இருக்காது. எங்கேயோ விழுந்துவிட்டது, நல்லவேளை என்று நினைத்துக்கொள்வார். அக்காவிடம் இதைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை.

இன்று காலை எல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தார். விடிந்ததும், தன் கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அதன் பிறகுதான் கேட்டைக் கட்ட வந்தார். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. மகள் நாற்காலி எடுக்க அவருடைய அறைக் கதவைத் திறந்தாள். அவர் திரும்பி உள்ளே போனபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டிலில் மஞ்சள் முடி மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நேற்று மதியம் பஞ்சு வைத்தார். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றில் மணியை நினைக்க நேரம் ஏது?

சத்தமில்லாத பூனை ஒன்று வெளியே போயிருக்கிறது. பறக்கத் தெரிந்தும் தெரியாமலும் விளிம்பில் ஆடிக்கொண்டு ஒரு குஞ்சு நிற்கிறது.

அவர் கூடத்தைக் கடந்து தோட்டத்துக்கு ஓடினார். கேட்டின் அடியில் பார்த்தார், மதில் மேல் பார்த்தார், நாற்காலிக்கடியில் குனிந்தார். தாய்க்குருவி எதையோ கண்டு கத்திக்கொண்டிருந்தது. அது ஆட்களைப் பார்த்துக் கத்துகிறதா, பூனையைப் பார்த்துக் கத்துகிறதா என்று தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டது போலிருக்கிறது, யாராவது பிடித்து உட்கார வையுங்கள் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். டிரைவர் காதில் எதுவும் விழவில்லை. காகிதப்பூவின் அடித்தண்டைப் பற்றிக்கொண்டு, அந்த வயதில் அதன் மேல் ஏற முடியுமா என்றுகூட ஒரு கணம் பார்த்தார்.

அந்த நேரத்தில், வீட்டின் பின்புறத்திலிருந்து மணி அடித்தது.

மெல்லிய, தெளிவான ஓசை. ஒருமுறை. சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை.

அவர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அக்காவின் சமையலறை ஜன்னல் திண்டில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தது. கேட்டுக்கும் கூட்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மூடியிருந்த ஜன்னலையே பார்த்தபடி, காத்திருந்தே பழகிப்போன பொறுமையோடு இருந்தது. அதன் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு, அவரைவிதை மாதிரி வளைந்தது. பல் மருத்துவமனையில் கழட்டிய பல்லைப் போடுவார்களே, அந்தத் தட்டு. நக்கி நக்கி அது பளபளத்துப்போயிருந்தது.

பின்னாலேயே வந்த எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே? நீங்க பேப்பர் வாங்கப் போனதும் தினம் இவனுக்கு இங்க பாலும் மீனும் நடக்கும். வயிறு ரொம்பிட்டா இவன் கொடி ஏற மாட்டான்னு சொல்வாங்க அக்கா."

டிரைவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பூனை இப்படிப் பெருத்துப்போனதற்குத் தன்னுடைய கவனிப்புதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கு நினைவு வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"'அவன்கிட்ட சொல்லிடாத, எனக்குப் பூனை பிடிக்கும்னு நெனைச்சுக்கப் போறான்'னாங்க."

டிரைவர் கையை நீட்டிப் பூனையின் கழுத்தைத் தொட்டார். மணியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே நாக்கு மட்டும் ஆடியது, பஞ்சு இல்லை. நேற்று மதியம் நன்றாக அழுத்தித் திணித்திருந்தார். விழுந்திருக்க வழியே இல்லை. தேநீர் வேளைக்கு முன்னால் அக்கா இந்த ஜன்னலுக்கு வந்து அதை எடுத்திருக்கிறாள்.

அவர் உள்ளே போய்ப் பாலை எடுத்துவந்து தட்டு நிறைய ஊற்றினார். பூனை குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் விட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தபோதுதான் அன்றைக்கு முதல் முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

வண்டி வந்தது. ஓட்டிவந்த இளைஞர் பின்புறமாகவே வந்து, கேட்டை ஒட்டி நிறுத்துவதாகச் சொன்னார். டிரைவர் எழுந்து வெளியே போனார்.

"பின்னால எடுத்தா பீப் பீப்னு கத்துமா தம்பி?"

"கத்தும் சார். அதை நிறுத்த முடியாது."

"அப்ப முனையிலயே நிக்கட்டும். நாங்க தூக்கிட்டு வர்றோம். எங்கக்கா ஒண்ணும் கனமில்ல."

அப்படியே நடந்தது. சந்து குறுகல், தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருந்தது. டிரைவர் முன்பக்கத்தில் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் "இடப்பக்கம் கொஞ்சம்... அவ்வளவுதான்... விடுங்க" என்று பாதை சொல்லிக்கொண்டே போனார். பாதிச் சந்தில், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குருவிகளின் கூச்சல் திடீரென்று உயர்ந்தது. இலைகள் சலசலத்தன. சின்னச் சிறகுகள் அவசரமாகக் காற்றை அடிக்கும் ஒலி அவர்கள் தலைக்கு மேலாகக் கடந்துபோனது. சற்று நேரத்தில் இன்னொருமுறையும் கேட்டது. பின்னால் வந்த மகள், "அப்பா" என்றாள். தோளில் பாரம் இருந்ததால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லி, நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு மாமரத்தின் உச்சிக் கிளையில் இரண்டு குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வாய் இரண்டும் திறந்தே இருந்தன. தாய்க்குருவி ஒன்றுக்கு ஊட்டிவிட்டு மற்றதற்குப் போனது.

டிரைவர் குளித்து, அறைக் கதவைத் திறந்து கண்டக்டரை வெளியே விட்டார். பிறகு கேட்டின் முடிச்சை அவிழ்த்தார். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்து, அக்கா பிடிக்கிற மாதிரியே அடியில் ஒரு கையும் நடுவில் ஒரு கையுமாகப் பிடித்து, இலைகளுக்கு இடையே மெல்ல உயர்த்தினார். வட்டக் கண்ணாடியில் முதலில் வானம் தெரிந்தது. பிறகு ஒரு முள். பிறகு காலியான கூடு.

நாரும் வேரும் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்த அந்தக் கிண்ணத்தின் அடியில், குஞ்சுகள் உட்கார்ந்திருந்த இடம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. பஞ்சு. அக்கா மணியிலிருந்து எடுத்துப் போட்டு, குருவிகள் பொறுக்கி வந்து அடுக்கிய சிறு சிறு சுருள்கள். சில பிரிந்தும், சில மணிக்குள் அழுந்தியிருந்த உருவம் மாறாமலும், நெருக்கமாகப் பதிந்து கிடந்தன.

அவருடைய காலருகே கண்டக்டர் உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. மணி விடாமல் அடித்தது. டிரைவர் கழியை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.