செல்லத்தாயை வெள்ளம் கொண்டுபோன கதை

அஞ்சுகிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்துவந்த தேவகனி, ஒரு நாவலை ஏழு தடவை படித்திருந்தாள். கதாநாயகி செல்லத்தாயை ஆற்று வெள்ளம் கொண்டுபோகும் இடத்தில் ஏழு தடவையும் அழுதிருந்தாள். அதை எழுதிய முத்துநாயகம் குழித்துறைச் சந்தையில் கொப்பரைத் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, 1951-இல் ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

வழியெல்லாம் யோசித்துவைத்த பாராட்டு வார்த்தைகள் அவரைக் கண்டதும் ஓடிப்போயின. சட்டையில்லாமல், தோளில் துண்டோடு தராசின் முன்னால் நின்றிருந்தார்.

“செல்லத்தாய் சாவணும்னு மொதல்லயே நெனச்சுதான் எழுதினீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள். தான் ஒரு டீச்சர், புத்தகத்தை ஏழு தடவை படித்தவள் என்பதற்கு மேல் வேறொன்றும் சொல்ல வரவில்லை.

“இல்ல டீச்சர். அவ பொழச்சுதான் கெடந்தா. அச்சாபீசுல, காகிதத் தட்டுப்பாடு, இருநூறு பக்கத்துக்கு மேல முடியாதுன்னுட்டாங்க. கடைசி நாப்பது பக்கத்த எடுத்துட்டு அவள வெள்ளத்துல விட்டேன்.”

தேவகனி தனக்குள் கேட்டுக்கொண்டாள்: காகிதம் இல்லாததற்கா இத்தனை அழுகை?

அவர் உள்ளே போய் அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்துவந்து கொடுத்தார். சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து ஆவலோடு படித்தாள். செல்லத்தாய் கரையேறினாள், கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள். பத்துப் பக்கம் தாண்டவில்லை, தேவகனிக்குக் கொட்டாவி வந்தது.

“நல்லா இல்லியே” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. “அது ரெண்டு நாள்ல எழுதினது. தண்ணியில போற அந்த மூணு பக்கத்துக்கு நாலு மாசம் ஆச்சு. தெனமும் காலம்பற ஆத்துல கழுத்தளவு எறங்கி நிப்பேன், காலுக்கடியில மண்ணு எப்பிடி இழுபடுதுன்னு பாக்க. நான் சாவத்தான் போறேன்னு வீட்டுக்காரி கரையில நின்னு அழுவா.”

பிறகு அவரே தயக்கத்தோடு கேட்டார். “ரெண்டாம் பதிப்பு போடப் போறாங்க. இப்ப காகிதம் கிட்டும். இந்த நாப்பது பக்கத்தையும் சேக்கட்டா? எனக்கு ஒண்ணும் தோணல்ல. நீங்க ஏழு தடவ படிச்சவங்க.”

செல்லத்தாய் பிழைத்திருக்கக் கூடாதா என்று ஏழு தடவை ஏங்கியவள் தேவகனி.

“வேண்டாம்” என்றாள். சொன்ன மாத்திரத்தில், தானே செல்லத்தாயைப் பிடித்து வெள்ளத்தில் தள்ளியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் நன்றிகூடச் சொல்லவில்லை என்று உறைத்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் ஒரு கார்டு எடுத்து, ‘மிகவும் நன்றி’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே ‘மன்னிக்கணும்’ என்றும் எழுதினாள்.

கணவன் ஞானதாசன் எட்டிப் பார்த்தான். “ஆருகிட்ட மன்னிப்பு கேக்க? அவருகிட்டயா?”

தேவகனி பேனாவை எடுத்து, ‘மன்னிக்கணும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘செல்லத்தாய்’ என்று எழுதிச் சேர்த்தாள்.